கடல் ட்ரவுட்: இன்னும் உறுத்துகிற அந்த ஒரு மீன்

ஒற்றைமுள்

கடல் ட்ரவுட் என்பது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டை போட ஆற்றுக்குத் திரும்பும் பழுப்பு ட்ரவுட். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேல்ஸ், டவி ஆறு, ஜூலை, நிலா இல்லாத இரவு. எதிர்க்கரை மரத்தில் கிளை எது, இலை எது என்று தெரியாமல் போகும்வரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது இந்த மன்றத்தில் எல்லாருக்கும் தெரியும். பதினொன்றேகால் வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

லீடர் முனையில், அதாவது லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நைலானில், டீல் ப்ளூ அண்ட் சில்வர் என்கிற ஃப்ளை, முள்ளில் இறகும் சரிகையும் கட்டிச் செய்த போலி இரை. டீல் வாத்து இறகு தீர்ந்துவிட்டதால் மல்லார்ட் விலா இறகை வைத்து ஒப்பேற்றியிருந்தேன். ஆறாம் நம்பர் முள், எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கியது. தலைக்கட்டில் வார்னிஷ் வைக்கச் சோம்பல்.

ஆழமான கசம் முடிந்து ஆழம் குறைகிற இடம். லைனை இடது கைக்குள் எட்டு என்ற எண்ணின் வடிவில் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். யாரோ இரண்டு விரலால் பிடித்த மாதிரி லைன் நின்றது. கோலைத் தூக்கினேன், கனம் தெரிந்தது, உடனே தொய்ந்தது. போச்சு என்று நினைக்கும்போதே ஆறு வருகிற மேல்பக்கம், என் முதுகுக்குப் பின்னால், பலகையால் தண்ணீரை அறைந்த மாதிரி ஒரு சத்தம். வேறு ஏதோ மீன் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது முறை அறைந்தபோதுதான் உறைத்தது. லைன் இன்னும் கீழே வளைந்து கிடக்கிறது, மீன் என்னைக் கடந்து மேலே போய்த் துள்ளிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் தொய்வை இழுத்தேன். மறுமுனையில் எதுவும் இல்லை.

சிவப்பு விளக்கில் பார்த்தால் வெள்ளிச் சரிகை அவிழ்ந்து தொங்குகிறது. முள்ளில் ஒரே ஒரு செதில். மூன்று வருடமாக அது என் ஃப்ளை பெட்டியில் இருக்கிறது. மீன் போனது கூடப் பரவாயில்லை. பின்னால் கேட்ட அந்தச் சத்தத்தை வேறு மீனென்று நினைத்தேனே, அதுதான்.

மெல்லோட்டம்

என்னுடையது வெட்கக்கேடு. ஸ்வீடன், மோரும் ஆறு, ஏப்ரல். வெள்ளி மாதிரி பளபளவென்று ஒரு மீன். கையெல்லாம் நடுங்க ஒரு படம் எடுத்துவிட்டு ஆற்றில் விட்டேன். படத்தை எல்லாருக்கும் அனுப்பியாயிற்று. ஒரு நண்பர் மட்டும், “வயிற்றைப் பார்” என்று இரண்டே வார்த்தை எழுதினார். பார்த்தேன். பெரிய தலை, அதற்குப் பின்னால் ஒட்டிப்போன வயிறு, நைந்த வால். போன இலையுதிர் காலத்தில் முட்டை போட்டுவிட்டு, குளிர்காலத்தை ஆற்றிலேயே கழித்து, கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கெல்ட். நான் அதைக் கடலிலிருந்து அப்போதுதான் வந்த மீன் என்று எழுதியிருந்தேன். கடலுக்குப் போகும் முன்பே அவற்றுக்கு வெள்ளிப் பளபளப்பு திரும்பிவிடும் என்று அப்போது தெரியாது. படத்தை அழித்துவிட்டேன், அந்த இரண்டு வார்த்தையைத்தான் அழிக்க முடியவில்லை.

பழங்கை

ஒற்றைமுள் தம்பி, மல்லார்டா டீலா என்பதெல்லாம் பகல் வெளிச்சத்தில் ஃப்ளை கட்டுகிறவனின் கவலை. இருட்டில் மீன் கீழேயிருந்து பார்ப்பது ஒரு நிழலை. நீளமும், தண்ணீரில் எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பதும்தான் கணக்கு. என் கதை சின்னது: ஒரு ராத்திரி வௌவால் லைனில் மோதியது, மீன் என்று நினைத்து ஓங்கி இழுத்தேன், ஃப்ளை என் தொப்பியில் வந்து குத்தியது. அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் பதிவில் நாலைந்து தப்பு இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோலை உடனே தூக்கியிருக்கக் கூடாது. கோல் முனை ஃப்ளையைப் பார்த்தபடி தாழ்ந்தே இருக்கட்டும், மீன் திரும்பும்போது தன் கனத்தாலேயே மாட்டிக்கொள்ளும். கடல் ட்ரவுட்டின் வாய் மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அடுத்து விளக்கு. சிவப்போ பச்சையோ, தண்ணீர்ப் பக்கம் திருப்பவே கூடாது. முடிச்சுப் போட வேண்டுமானால் கரையேறி முதுகைக் காட்டிக்கொண்டு போடுங்கள். லீடர் எத்தனை பவுண்டு தாங்கும் என்று நீங்கள் சொல்லவேயில்லை. பத்துக்குக் கீழே போகாதீர்கள், இருட்டில் மெல்லிய நைலானால் ஒரு லாபமும் இல்லை. அப்புறம், கசத்தின் வால்பகுதியில் நடந்தபடி வீசினீர்களா, நின்றபடியா? சரளைக்கல் காலடியில் நொறுங்கும் சத்தம் இருபது கஜத்துக்குக் கேட்கும் அவற்றுக்கு. நள்ளிரவை ஒட்டி ஒரு மந்தம் வரும். அப்போது பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். மூழ்கும் லைனை மாட்டி, நீளமான ட்யூப் ஃப்ளையாக (சின்னக் குழாயில் கட்டியது) போட்டு, ஆற்றின் அடியை ஒட்டி மெதுவாக இழுங்கள். பெரிய மீன் அந்த நேரத்துக்கு உரியது. இன்னொன்று, வார்னிஷ். சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொட்டு வார்னிஷுக்கு என்ன சோம்பல்?

எதிர்காற்று

பழங்கை அண்ணே, அவர் எதுவும் கேட்கவில்லையே.

என்னுடையது ரியோ கிராண்டே ஆறு, தென் அமெரிக்காவின் தென்முனையில் டியர்ரா டெல் ஃபுவேகோ. 1935இல் ஜான் குடால் என்பவர் சிலியிலிருந்து கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட் முட்டைகளின் சந்ததி இன்று அந்த ஆற்றில் இருப்பவை. கடலுக்குப் போகும் பாதையை யாரும் சொல்லித் தரவில்லை, அவையாகவே கண்டுபிடித்துக்கொண்டன. அங்கே மரமும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை, மேற்கிலிருந்து ஓயாத காற்று. பதினாலு அடி இரட்டைக்கை கோலோடு போனேன், முதல் நாள் பாதி வீச்சு என் பிடரியில்தான் விழுந்தது.

மூன்றாம் நாள் மாலை ஒன்று வந்தது. வலைக்குள் வந்ததுமே முள் தானாகக் கழன்றுவிட்டது. வயிற்றோரம் நீள வாலோடு கடல்பேன். கடலை விட்டு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும், அதற்குமேல் நன்னீரில் அது தங்காது. மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தேன், செவுள் அடித்துக்கொண்டது, கையை எடுத்தேன். அது போகவில்லை. என் பூட்ஸை ஒட்டி, ஓட்டம் குறைந்த அந்த ஒரு சாண் தண்ணீரில், அப்படியே நின்றது. காலை அசைக்காமல் நானும் நின்றேன். கால் மரத்துப்போயிற்று. கைடு ஸ்பானிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. போகும்போது வாலால் முழங்காலில் ஒரு தட்டு. மீன் பிடித்தது மறந்துபோகிறது, நின்றதுதான் நினைவிருக்கிறது.

நாலாம்கண்

பழங்கை சொன்னதில் முள் மாட்டிய விதம் பற்றிய பகுதி இந்த மீனுக்குப் பொருந்தாது. வாயில் செதில் கிடையாது. முள்ளில் செதில் வந்திருக்கிறதென்றால் அது விலாவிலோ முதுகிலோ குத்தியது. ஒற்றைமுள், அந்த மீன் உங்கள் ஃப்ளையைக் கடிக்கவே இல்லை. பக்கத்தில் போனது, மாட்டியது. அதனால்தான் உங்களைத் தாண்டி அவ்வளவு சுலபமாக மேலே போயிருக்கிறது, தலை உங்கள் கையில் இல்லையே. மனம் நோகச் சொல்லவில்லை.

ஒன்று செய்யலாம். செதிலை ஈரப்படுத்தி இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்து நல்ல லென்ஸில் பாருங்கள். நடுவில் நெருக்கமான வளையங்கள் ஆற்றில் இருந்த வருடங்கள், வெளியே அகல அகலமாகப் போவது கடல். குளிர்காலத்தில் வளையங்கள் நெருங்கும். அந்த நெருக்கங்களை எண்ணினால் வயது கிடைத்துவிடும்.

பழங்கை

நான் பொதுவாகச் சொன்னேன். கோல் முனை தாழ்ந்திருந்தால் விலாவில் குத்துவதும் குறையும்.

ஒற்றைமுள்

நாலாம்கண், இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை, கோபம் இல்லை. மூன்று வருடமாக அது என் ஃப்ளையை எடுத்தது என்றே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மல்லார்ட் இறகும் வேலை செய்யும் என்று இரண்டு பேருக்குக் கட்டிக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

செதிலைப் பார்த்தேன். ஓரத்தில் அகலமான வளையங்கள் தெளிவாக இருக்கின்றன. நடுவில் எதுவும் இல்லை. தேய்த்துவிட்ட மாதிரி வெறும் தழும்பு. லென்ஸை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

நாலாம்கண்

அப்படியானால் அது முளைத்த செதில். பழையது எங்கேயோ உதிர்ந்து, அந்த இடத்தில் புதிதாக வளர்ந்தது. உதிர்வதற்கு முன்னால் நடந்தது அதில் பதிவாகியிருக்காது. வயது சொல்ல முடியாது. ஒரே ஒரு செதில்தான் வந்ததா?

ஒற்றைமுள்

ஒன்றுதான்.