பூம்பாறைப் பக்கத்துப் பலகையில்லாச் சாப்பாட்டுக்கடை: புதுப்பிப்பு

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறை வழியில், பெயர்ப்பலகையோ விலைப்பட்டியலோ இல்லாத சாப்பாட்டுக்கடை பற்றிய இழையின் தொடர்ச்சி இது. காலை பதினொன்றுக்குள் ஆள்கணக்குச் சொன்னால்தான் உலை வைப்பார்கள் என்றதற்கு, ஏன் இந்தக் கெடுபிடி என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

காரணம் உயரம். சுமார் 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாத விறகடுப்பில் தீயைக் கூட்டினாலும் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. ஊறவைத்த துவரம்பருப்புகூட நிதானமாகத்தான் மசியும். சொல்லாமல் போய் நின்றால் மோர்சோறுதான். அதுவும் அருமையாகவே இருக்கும்.

அடுத்து, எல்லோரும் கேட்ட பூண்டுக் குழம்பின் செய்முறை. நான்கு பேருக்கு உரித்த மலைப்பூண்டு 200 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி, எலுமிச்சை அளவு புளி, குழம்புத்தூள் 3 தேக்கரண்டி. கடுகு, வெந்தயம் தாளித்து, பூண்டையும் வெங்காயத்தையும் சிறுதீயில் வதக்குங்கள். பூண்டு விரலால் நசுங்கும் பதம் வந்த பிறகே புளிக்கரைசல். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது: புளிப்பு சேர்ந்துவிட்டால் காய் இளகாது, பூண்டு கடைசிவரை நறுக்கென்றே நிற்கும். புளி ஊற்றும் முன் தூளை எண்ணெயில் அரை நிமிடம் மட்டும் புரட்டுங்கள்; கருகினால் கசக்கும். எண்ணெய் பிரிந்ததும் இறக்கலாம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் கூடுதல் என்பதால் மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை உண்டு. கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.