‘தேன் ஐ’, ‘தேன் மீ’: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லும்போது எது சரி?

கோபி அம்மா:
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஆங்கிலத் தேர்வில் ‘மை பிரதர் இஸ் ஓல்டர் தேன் மீ’ என்று எழுதியிருந்தாள். ‘மீ’யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘ஐ’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள். தமிழில் ‘என்னைவிட’ என்றுதானே சொல்கிறோம், பிறகு ‘மீ’ எப்படித் தவறாகும் என்று அவள் கேட்கிறாள். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருந்துறை:
நல்ல கேள்வி அம்மா. ஆனால், தமிழ் வேற்றுமையை ஆங்கிலத்துக்கு அளவுகோலாக வைக்க இயலாது. எங்கள் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நாங்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளும் பவணந்தியார், நன்னூலில் ஒப்புப் பொருளை ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதாக வைத்தார். நாமோ இன்று இரண்டாம் வேற்றுமையோடு ‘விட’ சேர்த்துப் பேசுகிறோம். ஒரு மொழிக்குள்ளேயே இப்படி மாறுகிறது.

ஆங்கிலத்தில் சர்ச்சை ‘தேன்’ என்ற சொல்லைப் பற்றியது. 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத், அது கன்ஜங்ஷன், அதாவது இணைப்புச்சொல் என்றும், பின்னால் ஒரு வினை மறைந்து நிற்பதால் ‘தேன் ஐ’ என்றே வரவேண்டும் என்றும் கொண்டார். 1765இல் வில்லியம் வார்டு என்ற இன்னொரு இலக்கண ஆசிரியர் அதைப் பிரிப்போசிஷனாக, அதாவது பெயருக்கு முன்னால் வரும் உருபு போன்ற சொல்லாகக் கொண்டு ‘மீ’க்கு இடம் கொடுத்தார். பள்ளிக்கூடங்களில் லௌத்தின் பக்கமே வலுத்தது என்றாலும், பேச்சிலும் எழுத்திலும் ‘தேன் மீ’ நெடுங்காலமாகப் புழங்குகிறது. உங்கள் மகள் எழுதியதை நான் பிழை என்று சொல்லமாட்டேன்.

பனியன் ஏற்றுமதி, திருப்பூர்:
பொருள் மாறும் இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. ‘தி பையர் டிரஸ்ட்ஸ் தி ஏஜென்ட் மோர் தேன் மீ’ என்று ஒருமுறை மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஏஜென்டின் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பதே நான் சொல்ல வந்தது. பையர் என்னை நம்பவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்வதாக அவர் எடுத்துக்கொண்டார். அன்று முதல் ‘தேன் ஐ டூ’ என்று வினையையும் சேர்த்தே எழுதுகிறேன். ‘என்னைவிட ஏஜென்டை நம்புகிறார்’ என்ற தமிழிலும் இதே சிக்கல் உண்டு. ‘நான் நம்புவதைவிட’ என்றோ ‘என்னை நம்புவதைவிட’ என்றோ விரித்தால்தான் தெளிவாகும்.

கோபி அம்மா:
இருவருக்கும் நன்றி. ‘ஆஸ் ஓல்ட் ஆஸ்’ என்று வந்தாலும் இதே கதைதானா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருந்துறை:
ஆமாம் அம்மா, அங்கும் இதே வழக்குத்தான். தேர்வில் மட்டும் ‘தேன் ஐ ஆம்’, ‘ஆஸ் ஐ ஆம்’ என்று வினையோடு எழுதச் சொல்லுங்கள். அதை எந்த ஆசிரியரும் வட்டமிட முடியாது.