மார்கழிக் கச்சேரிகள்: பின்வரிசையில் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் இரைவது ஏன்?

கடைசிவரிசை:

இந்த சீசனில் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் நடந்த கச்சேரிகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது. பாட்டிலும் வயலினிலும் குறையில்லை. பதினைந்தாவது வரிசைக்குப் பின்னால் போனால் மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கத் தோல்) மட்டும் 'கும் கும்' என்று இரைகிறது, வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) விழும் மீட்டு, சாப்பு என்ற அடிகள் பிரிந்து கேட்பதில்லை. தனி ஆவர்த்தனத்தில் (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியில்) கோர்வை என்ற முடிப்பு சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், விழும்போது பாடகரின் கை முன்பே தொடையில் இறங்கிவிட்டது போலத் தெரிகிறது. பெண்குரல் கச்சேரி ஒன்றில் வர்ணம் முடிந்து அடுத்த கீர்த்தனை தொடங்கிய பிறகும் மிருதங்கம் சுருதியில் சேரவில்லை, வாசிப்பவர் இடையிடையே கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இது அரங்கத்தின் கோளாறா, சவுண்டு வைப்பவரின் கோளாறா, வாத்தியத்தின் கோளாறா? டிக்கெட் வாங்கும்போது எந்த இடம் பார்த்து வாங்கினால் நல்லது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிமேசை:

நீங்கள் சொன்ன மூன்றும் வேறு வேறு காரணத்தால் வருபவை. தொப்பி விஷயத்தை நான் சொல்கிறேன்.

மேடையில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம், வயலினைப் பார்த்தபடி உட்கார்கிறார். அதனால் வலந்தலை சபையைப் பார்க்கிறது, தொப்பி மேடையின் பின்சுவரைப் பார்க்கிறது. மைக் இல்லாத காலத்துக் காதுக்குப் பழகிய விகிதம் அதுதான்: வலந்தலை நேராக வரும், தொப்பி சுவரில் பட்டுத் திரும்பி அடியில் தாங்கி நிற்கும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மைக் வைத்து, சவுண்டு மேசையில் (மிக்ஸரில்) இரண்டையும் ஒரே அளவுக்குத் தள்ளினால் அந்த விகிதம் அங்கேயே உடைகிறது.

அடுத்தது தூரம். ஒருதிசை மைக்கைத் தோலுக்கு 5 செ.மீ. அருகில் கொண்டுபோனால் பேஸ் தானாகவே வீங்கும். அந்த வகை மைக்கின் இயல்பே அது. தொப்பி மைக் 20 முதல் 30 செ.மீ. தள்ளி, தோலின் நடுவைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்திருக்க வேண்டும். 'லோ கட்' என்ற, அடி அதிர்வெண்ணை வெட்டும் வடிகட்டியை 70 அல்லது 80 ஹெர்ட்ஸில் போட்டு, 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் இரைச்சலில் பெரும்பகுதி போய்விடும். குமுக்கி (தொப்பியை அழுத்தி வளைக்கும் ஓசை) போகாது, குமுக்கியின் வளைவு அதற்கு மேலேயும் இருக்கிறது.

பின்வரிசையில் ஏன் இன்னும் மோசம் என்றால், பேஸ் எல்லாத் திசையிலும் பரவி, பின்சுவரிலும் மூலைகளிலும் சேர்ந்து பெருகும். மீட்டின் கூர்மை மேல் அதிர்வெண்ணில் இருக்கிறது. அது நேர்க்கோட்டில் போகும், முன்னால் உட்கார்ந்திருக்கும் தலைகளும் துணிகளும் அதைத் தின்றுவிடும். பால்கனிக்கு அடியில் என்றால் மேலே தொங்கும் ஸ்பீக்கரே கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஸ்பீக்கரிலிருந்து மீட்டு காதுக்கு வராது.

பெரிய குற்றவாளி ஒன்று பாக்கி இருக்கிறது, மேடையில் கலைஞர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வைக்கும் ஸ்பீக்கர், அதாவது மானிட்டர். நம் கலைஞர்கள் அதை 'ஃபீட்பேக்' என்பார்கள். பாடகர் தன் குரல் கூட வேண்டும் என்று விரலை மேலே காட்டுவார். கூட்டியதும் மிருதங்கக்காரருக்குத் தன் வாத்தியம் கேட்காது, அவரும் காட்டுவார். பிறகு வயலின். ஒரு சுற்று முடிந்தால் மேடைச் சத்தமே பாடகரின் மைக்குக்குள் புகுந்து, சபைக்கு எல்லாம் இரண்டு முறை போகும். ஆரம்பத்தில் மானிட்டரில் சுருதியும் குரலும் மட்டும் வைத்து, ஒருவர் கேட்டால் அவருடையதைக் கூட்டாமல் மற்றதைக் குறைத்துப் பார்ப்பதே வழி. பாடகர் மைக்குக்கு 30 செ.மீ. தூரத்திலிருந்து 15 செ.மீ.க்கு வந்தால் 6 டெசிபல் கிடைக்கிறது. மேசையைத் தொடவே வேண்டாம்.

கப்பி:

கல்லால் தட்டியதைப் பற்றி.

வாசிப்பவர் மீது தப்பில்லை, தோல் அப்படித்தான். டிசம்பர் மழை ஈரத்தில் வெளியே இருந்த மிருதங்கம் ஏசி அரங்கத்துக்குள் வந்ததும் தோல் ஈரத்தை இழந்து சுருங்கும், சுருதி ஏறும். மேடை விளக்கு சூடாக இருந்தால் இன்னும் ஏறும். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே கிரீன் ரூமில் கச்சிதமாகச் சேர்த்துக்கொண்டு வந்தவர் மேடையில் கால்மணி நேரத்தில் விலகிப்போவார். அரைமணி முன்னதாக மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து மேடையிலேயே வைத்து, அங்கேயே சேர்ப்பதுதான் சரி. மத்தியானம் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கச்சேரி வைக்கும் சபாக்களில் அதற்கு இடமில்லை. முந்தைய மங்களம் முடிந்து பதினைந்து நிமிஷத்தில் அடுத்த வர்ணம் தொடங்க வேண்டும்.

சேர்க்கும் முறை தெரிந்தால் மேடையில் நடப்பது புரியும். வலந்தலையில் 16 கண் (வார் கோத்த இடங்கள்). ஒவ்வொரு கண்ணுக்கும் நேராக 'நம்' வாசித்துப் பார்த்து, விலகிய இடத்தில் மட்டும் மூட்டின் (தோலைச் சுற்றிய விளிம்பின்) பின்னலைச் சின்ன மரத்துண்டு வைத்துக் கல்லால் தட்ட வேண்டும். மிருதங்கத்தின் மர உடலின் பக்கம் இறக்கித் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஒரு கண்ணை ஏற்றினால் எதிர்க்கண்ணும் கொஞ்சம் நகரும், அதனால்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பெண்குரல் பெரும்பாலும் 5 கட்டையைச் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) சுற்றி இருக்கும். அங்கே தோல் ஏற்கெனவே நன்றாக இழுபட்டிருப்பதால் சின்ன விலகலும் காதில் குத்தும். 1 கட்டை ஆண்குரலுக்கு நீளமான தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம், அதில் கொஞ்சம் தாங்கும்.

தொப்பியின் கதை வேறு. நடுவில் அப்பியிருப்பது ரவையைத் தண்ணீரில் பிசைந்த பசை. கச்சேரிக்கு முன் ஒட்டி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஏசியில் அது காயும். காய்ந்தால் கனம் குறைந்து தொப்பி மேலே ஏறி, 'தொம்' என்பது 'டக்' என்று ஆகும். அதற்காகத்தான் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். ராகம் பாடும்போது விரலால் தொட்டு அழுத்திக்கொள்வதைப் பார்க்கலாம். இதைக் கவனிக்காத சவுண்டு ஆள், தொப்பியில் பேஸ் போய்விட்டதென்று மேசையில் கூட்டுவார். வாசிப்பவர் தண்ணீர் தொட்டதும் பேஸ் திரும்பி வரும், கூட்டியது கூட்டியபடியே கிடக்கும். ஒலிமேசை சொன்ன இரைச்சலில் பாதி இப்படி வந்ததாக இருக்கும்.

விளம்பகாலம்:

சமம் தாமதமாக விழுவது வெறும் கணக்கு.

ஒலி ஒரு வினாடியில் சுமார் 345 மீட்டர் போகும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறத்தாழ 58 மில்லி வினாடி தாமதம். ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு வினாடி என்று வைத்து, அட்சரத்துக்கு 8 சொல் (மிருதங்க அடி) விழும் நடையில் ஒரு சொல்லுக்கு 125 மில்லி வினாடி. அதாவது கண் பார்ப்பதற்கும் காது கேட்பதற்கும் ஏறத்தாழ அரைச் சொல் இடைவெளி. ஃபரன் என்ற அதிவேக அடிகள் விழும் வேகத்தில் முழுச் சொல்லே ஆகிவிடும். இது எந்த அரங்கத்திலும் இருக்கும், குறை என்று சொல்ல முடியாது. பின்னால் உட்கார்ந்து கையைப் பார்த்துத் தாளம் போடாமல் காதை நம்பிப் போட்டால் சேர்ந்துவிடும்.

குறை எங்கே வருகிறது என்றால், அரங்கத்தின் நடுவிலும் பின்னாலும் கூடுதல் ஸ்பீக்கர் மாட்டி அதற்கு டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு) போடாமல் விட்டால். பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து உடனே ஒன்று, முன்னால் இருக்கும் பெரிய ஸ்பீக்கரிலிருந்து 50 மில்லி வினாடி கழித்து இன்னொன்று. மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையில் ஒவ்வொரு சொல்லும் இரட்டித்து, யதி (சொற்கட்டு வளர்ந்தும் குறைந்தும் போகும் அமைப்பு) போட்டது யாருக்கும் தெரியாமல் போகும். இதை எளிதில் சோதிக்கலாம்: கச்சேரிக்கு முன் யாராவது மைக்கில் 'ஹலோ' சொல்லும்போது அது ஒன்றாகக் கேட்கிறதா, 'ஹலோ-லோ' என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். இரட்டித்தால் எழுந்து நாலைந்து வரிசை முன்னால் போய்விடுங்கள்.

இடம்: பெரிய அரங்கத்தில் எட்டாவது வரிசை முதல் பன்னிரண்டு வரை, நடுப்பாதைக்குப் பக்கம். முதல் இரண்டு வரிசைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உயரத்தில் தொங்கும் ஸ்பீக்கர் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும், கேட்பது மானிட்டரின் முதுகுதான். பால்கனி இருக்கும் அரங்கத்தில் கீழே பின்வரிசையைவிட பால்கனியின் முன்வரிசை எவ்வளவோ மேல். ராகசுதா போன்ற சின்ன அரங்கத்தில் எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. மூன்றாவது வரிசையில் வயலினின் வில் மாறும் இடம்கூடக் கேட்கும். மத்தியானக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், வேண்டிய இடத்தில் உட்காரலாம். ராகம் தானம் பல்லவி பாடும் இளைஞர்களைக் கேட்க அதைவிட நல்ல நேரமில்லை.

கடைசிவரிசை:

மிக்க நன்றி. ரவை காய்வது, பிறகு மேசையில் கூட்டுவது என்ற விளக்கம் அந்தப் பெண்குரல் கச்சேரிக்கு அப்படியே பொருந்துகிறது. இன்னும் இரண்டு கேள்வி. உபபக்கவாத்தியமாக (மிருதங்கத்துக்குத் துணையாக) கடமும் கஞ்சிராவும் வரும்போதும் இதே தொல்லை உண்டா? 150 பேர் உட்காரும் கூடத்தில் கச்சேரி வைத்தால் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

கப்பி:

கடம் சுட்ட மண். ஏசி வந்தாலும் மழை வந்தாலும் சுருதி அசையாது. அதே காரணத்தால் விலகியிருந்தால் சேர்க்கவும் முடியாது, உள்ளே கொஞ்சம் களிமண் ஒட்டி மயிரிழை இறக்கலாம், அவ்வளவுதான். அதனால் கடக்காரர் பாடகரின் சுருதியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அதற்கேற்ற கடத்தைத் தேர்ந்து கொண்டுவருவார். கடைசி நேரத்தில் தொண்டை சரியில்லை என்று பாடகர் அரைக்கட்டை இறக்கினால் சிக்கல் கடக்காரருக்குத்தான். அரைக்கட்டை இறங்கினால் வயலின் இறக்கிக்கொள்ளும், மிருதங்கத்துக்கு வேறு வாத்தியம் வேண்டியிருக்கலாம், கடத்துக்கு வேறு கடம் இல்லாமல் முடியாது. மானாமதுரைக் கடம் கனமானது, வெண்கலம் போல ஓசை. சென்னைக் கடம் இலகு, வேகத்துக்கு ஏற்றது.

கஞ்சிரா நேர் எதிர். உட்பக்கம் தண்ணீர் தெளித்துத்தான் பேஸை இறக்குகிறார்கள், பத்து இருபது நிமிஷத்தில் காய்ந்து ஏறிவிடும். தனி வரும்போது சரியாக இருக்க வேண்டுமானால் மெயின் பாட்டின் நிரவல் (ஒரு வரியை விரித்துப் பாடும்) நேரத்திலேயே தெளித்து ஊற விட வேண்டும். உடும்புத் தோல்தான் பழைய வழக்கம். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால் இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் போடுகிறார்கள். செயற்கைத் தோல் தண்ணீர் குடிக்காது, சுருதி நிற்கும். ஆனால் இடது கையால் அழுத்தி வளைக்கும் அந்த 'வூம்' பழைய தோலில் வருவது போல் வருவதில்லை.

ஒலிமேசை:

150 பேர் என்றால் முதலில் மைக் இல்லாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் திரைச்சீலை தொங்கினால் கழற்றிவிடுங்கள், வெறும் சுவரோ மரப்பலகையோ இருக்கட்டும். தொப்பிக்கு அதுதான் ஸ்பீக்கர். மேடை ஒன்றரை அடி உயர்ந்தால் போதும். மின்விசிறியின் சத்தம்தான் தம்புராவின் எதிரி, கூடத்தின் முன்பாதியில் இருப்பவற்றை அணைத்துவிடுங்கள்.

அப்படியும் குரல் பின்னால் எட்டவில்லை என்றால் குரலுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒரு மைக். மிருதங்கத்துக்கு வைக்கவே வேண்டாம். பாட்டும் வயலினும் மிருதங்கத்தின் இயற்கைச் சத்தத்துக்குச் சமமாக வரும் வரை கூட்டி, அங்கேயே நிறுத்துங்கள். மிருதங்கத்தை அளவுகோலாக வைக்கும் இந்த வரிசை முக்கியம். குரலை முதலில் வைத்து மற்றவற்றை அதற்கு மேல் கட்டினால் சத்தம் ஏறிக்கொண்டேதான் போகும். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டித்தால் ஊளையிடாமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். இரண்டு மைக்குக்கும் ஆறு மைக்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும். ஆண்குரலுக்கு லோ கட் 100 ஹெர்ட்ஸ், பெண்குரலுக்கு 150. இரண்டு கச்சேரி அடுத்தடுத்து இருந்தால் டிஜிட்டல் மேசையில் இரண்டு அமைப்பாகச் சேமித்து வையுங்கள். 1 கட்டைக்கு வைத்தது 5½ கட்டைக்கு ஒத்துவராது.

அணசு:

நாகஸ்வரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் ஒரு வார்த்தை. சீசனில் மங்கள இசைக்கு நாகஸ்வரம் வைக்கும்போது குரல் மைக்கையே திருப்பி அணசுக்கு (வாத்தியத்தின் அடியில் விரிந்திருக்கும் வாய்க்கு) முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். கீழ் ஸ்வரங்களின் ஒலி அணசு வழியாக வரும். விரல் எடுக்க எடுக்க மேல் துளைகள் வழியாகவும் வரும். அணசில் ஒட்டி வைத்த மைக்கில் தோடி ஆலாபனை மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது சத்தம் மெலிந்து, கீழே இறங்கும்போது வெடிக்கும். மைக் வேண்டியே தீருமென்றால் ஒரு மீட்டர் தள்ளி, வாத்தியத்தின் நடுப்பகுதியைப் பார்த்து ஒன்று போதும். தவிலுக்கு எந்த அரங்கத்திலும் மைக் வேண்டாம். வலது கை விரல் கூடுகள் விழும் சத்தம் அப்படியே கடைசி வரிசைக்குப் போகும்.

சீவாளிக்கும் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுக்கும்) ஏசி ஆகாது. நாணல் காய்ந்துவிடும், ஊதத் தொடங்கியதும் சுருதி பிடிக்காது. வாத்தியக்காரர் கயிற்றில் தொங்கும் சீவாளிகளை மாற்றி மாற்றி எச்சிலில் நனைத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் கொடுத்து, அதன்பிறகு திரையைத் தூக்கச் சொல்லுங்கள்.