"எல்லாம் புரியுது, பேச்சு மட்டும் வரலை": 2 வயது 7 மாதப் பையன்

திருப்பூர்_அம்மா:
நேற்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் என் பையன் சொல்லும் வார்த்தைகளை எழுதிப் பார்த்தேன். அம்மா, அப்பா, பூவா, டாட்டா, பாலுக்கு 'பா', காக்காவுக்கு 'கா', பந்துக்கு 'பத்து', பஸ்ஸுக்கு 'பூம்', வேண்டாம் என்றால் 'நா'. ஒன்பதோடு பேனா நின்றுவிட்டது. இரண்டு சொல்லை இதுவரை சேர்த்துச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பா நாலு மாதம் சின்னவள், "தண்ணி கீழ கொட்டிடுச்சு" என்கிறாள்.

"ஆம்பளப் பையன் மெதுவாத்தான் பேசுவான், இவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று அத்தை தினமும் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுகிறார். கணவர் வீட்டில் தெலுங்கு, எனக்குத் தமிழ். காட்டிய டாக்டர், ஒரே மொழியில் பேசுங்கள், மூன்று வயது வரை பார்க்கலாம் என்றார். அதிலிருந்து அத்தை பேரனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது, குக்கர் விசிலுக்கு ஓடி வருகிறான். சொன்னதெல்லாம் புரிகிறது. காத்திருக்கலாமா?

கரூர்_மாமா:
என் அக்கா பையன் மூன்றரை வயதில்தான் பேசினான். இப்போது வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. டென்ஷன் ஆகாதீங்க, போனை மட்டும் கையில் கொடுக்காதீங்க, தானா வரும்.

சத்தி_ரோடு:
கரூர் அண்ணா நல்ல மனசோடு சொல்கிறார். ஆனால் இதே ஆறுதலை நம்பி நான் ஒன்றரை வருடத்தைக் கோட்டை விட்டேன். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் நிறையப் பேர் பள்ளிக்குப் போவதற்குள் தேறிவிடுவது உண்மைதான். எந்தப் பிள்ளை தேறும் என்று இரண்டு வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல்.

என் மகள் நாலரை வயதிலும் "அம்மா கடை போ" என்பாள். அம்மா கடைக்குப் போனாங்க என்று அர்த்தம். 'க்கு', 'ல', 'போனாங்க' எதுவும் ஒட்டாது. காது சரி, ஆட்டிசம் இல்லை, விளையாட்டில் படு சுட்டி. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டு மைசூருவில் இருக்கும் ஐஷ், அதாவது அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் டி.எல்.டி. என்றார்கள், அதாவது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு; வேறு காரணம் எதுவும் தெரியாமலே மொழி மட்டும் சரியாகப் பிடிபடாத நிலை. முன்பு எஸ்.எல்.ஐ. என்றிருந்ததற்கு 2017-இல் இந்தப் பெயரை முடிவு செய்தார்களாம். இங்கிலாந்தில் பள்ளி சேரும் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஏழு பேர் சுமார். அப்படியும் நம் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை, 'மக்கு' என்று முடித்துவிடுகிறார்கள்.

"எல்லாம் புரியுது" என்று நானும் அங்கே சொன்னேன். தெரபிஸ்ட் சிரித்துவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், பொருளைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். "பையை எடு" என்றேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்குப் புரிந்தது என் விரலும் கண்ணும்தான். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

மதுரை_தெரபிஸ்ட்:
ஸ்பீச் தெரபிஸ்டாக ஒன்று சொல்கிறேன் அம்மா, முதல் வேலை காது. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் குக்கர் விசில் கேட்கும், மெல்லிய எழுத்துகள்தான் நழுவிப் போகும். உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., தேவைப்பட்டால் ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும் பெரா எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்கு வலிக்காது.

இரண்டு மொழியால் பேச்சுக் குறைபாடு வராது. அத்தையைத் தாராளமாகத் தெலுங்கில் பேசச் சொல்லுங்கள். வார்த்தைக் கணக்கில் தெலுங்கையும் சேருங்கள், நீங்கள் தமிழை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இரண்டு வயதில் இரண்டு மொழியும் சேர்த்து 50 சொல்லாவது எதிர்பார்ப்போம், அதனால் மூன்று வயது வரை காத்திருக்க வேண்டாம். பெயர் சொன்னால் திரும்புகிறானா, காக்காவை விரலால் காட்டி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா என்றும் கவனியுங்கள். இவை இல்லையென்றால் பரிசோதனைக்குப் போகும் இடத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரம் கண்டறிந்து உதவும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள், செலவில்லை. தனியாரிடம் போனால் தெரபிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். வீட்டில் "இது என்ன, சொல்லு சொல்லு" வேண்டாம். அவன் 'பா' என்றால் "சூடு பால்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். வசம்பு பேச்சைக் கொண்டுவராது, அளவு மீறினால் வாந்தி வரும்.

திருப்பூர்_அம்மா:
கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு "செருப்பை எடுத்துட்டு வா" என்றேன். என்னைப் பார்த்தான், போய்ப் பந்தை எடுத்து வந்தான். சாயங்காலம் கணவர் பைக் சாவியோடு வாசலில் நின்று அதையே சொன்னார், ஓடிப்போய்ச் செருப்பைக் கொண்டுவந்துவிட்டான்; அவனுக்குப் புரிந்தது சொல் இல்லை, சாவியும் வாசலும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. காக்காவைக் காட்டுகிறான், முகத்தையும் பார்க்கிறான், அது ஒரு நிம்மதி.

புதன்கிழமை காது டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வசம்பை விடுவதில் அத்தைக்கு அரைமனசுதான், தெலுங்கில் பேசலாம் என்றதில் முழு மனசு. காலையிலிருந்து அவனை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுக் கதை சொல்கிறார். அவரிடம் கேட்டதில் தண்ணீருக்கு 'நீ', மாட்டுக்கு 'ஆவு', வா என்பதற்கு 'ரா', மூன்றும் ஏற்கெனவே சொல்வானாம். எனக்குத் தெரியவே இல்லை. காலண்டர் தாளில் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டிருக்கிறேன்.