புதுப்பிப்பு: ஆச்சிமாருக்கான வாசிப்பு வட்டம், தேர்ந்த நூல்கள்

காரைக்குடியில் எங்கள் வளவிலுள்ள (உறவுக் குடும்பங்களுக்குப் பொதுவான, முற்றம் வைத்த பெரிய வீட்டிலுள்ள) ஆச்சிமார், அதாவது நகரத்தார் பெண்கள், சேர்ந்து வாசிக்க, பெண்களின் வாழ்வைச் சொல்லும் தமிழ் நூல்களைப் பரிந்துரைக்குமாறு முன்னர் இந்த இழையில் கேட்டிருந்தேன். அதன் பின் நடந்ததைச் சொல்கிறேன்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலில் தொடங்கினோம். களத்துக்கே சென்று தகவல் திரட்டி எழுதும் அவரது முறையை அனைவரும் மதித்தார்கள். ஆனால் பேச்சு நீளவில்லை. 2004இல் வெளிவந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'தான் முற்றத்தில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அது இஸ்லாமியக் குடும்பப் பெண்களின் கதை. எனினும், கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் வணிகம் செய்ய, போன ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட, பெரிய வீட்டையும் மாமியாரையும் பிள்ளைகளையும் தனியே பார்த்துக்கொண்ட தங்கள் பாட்டிமாரின் வாழ்வை அதனோடு சேர்த்து வைத்தே இவர்கள் பேசினார்கள். ஆசை, சலிப்பு, உடல்நோவு ஆகியவற்றைப் பெண்களே தமக்குள் எவ்வளவு வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அந்நாவல் மறைக்காததே அதன் வலிமை என்பது என் எண்ணம். ஓர் ஆச்சி மட்டும், "இதையெல்லாம் அச்சிலே போடணுமா?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார்.

1992இல் வெளியான, தலித் பெண்ணாகத் தம் வாழ்வைச் சொல்லும் பாமாவின் 'கருக்கு' அடுத்தது. அதில் சாதியைத் தவிர்த்துவிட்டுப் பெண்ணை மட்டும் பேச இயலாது என்பதால், அந்த அமர்வு எங்கள் வளவுக்கு எளிதாக இராது; ஆகவேதான் அதைத் தேர்ந்தோம். அம்பையின் சிறுகதைகளைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. அவை தைக்குப் பிறகு.