புதுப்பிப்பு: ஆண்டு அச்சிடாத சைக்கிள் வீரர் சீட்டுக்கட்டு, விடை கிடைத்தது

பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) நகரத்துப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய கட்டு எந்த ஆண்டுடையது என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒரு சீட்டில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மொல்டேனி அணியின் சட்டையில் இருப்பதால், அவர் அந்த அணியில் சேர்ந்த 1971 என்று நினைத்தேன், ஆனால் அவர் 1976 வரை அதே அணியில்தான் இருந்தார், அதனால் அது உதவவில்லை. "மற்ற வீரர்களின் சட்டையைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. லூசியன் வான் இம்பே சீட்டில் வெள்ளைச் சட்டை, சிவப்புப் புள்ளிகள். மலையேற்றத்தில் முந்தும் வீரருக்குத் தரும் அந்தச் சட்டை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வந்ததே 1975-இல்தான், ஆக அதற்கு முன் அச்சாகியிருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் ஒரு வேடிக்கை: ஒக்கான்யா என்ற ஸ்பானிய வீரரின் சீட்டு இரண்டு இருக்கிறது, ஒன்றின் பின்பக்க நீலம் கொஞ்சம் வெளுப்பு. யாரோ இரண்டு கட்டுகளைக் கலந்து விற்றிருக்கிறார்கள்.