“மிஸ், இது ஓடல!” – பிள்ளைகளோடு பொம்மையும் வண்டியும் செய்த அனுபவங்கள்

லண்டன்வாசி:

சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொம்மை, வண்டி, பெட்டி என்று எதையாவது செய்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்களேன். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

வடமேற்கு லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். இங்கிலாந்தில் ‘டிசைன் அண்ட் டெக்னாலஜி’ ஒரு தனிப் பாடம். 1990-லிருந்து தொடக்கப் பள்ளியிலேயே கட்டாயம். மரவேலை, தையல், மின்சுற்று எல்லாம் இதற்குள் வரும். சமையலும்தான். வெள்ளரிக்காய் நறுக்குவதும் பல்பு எரிய வைப்பதும் ஒரே பாடம் என்பது எனக்கு இன்னும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஐந்தாம் வகுப்பின் கேம் பொம்மை. ஒரு பெட்டிக்குள் கிடையாக ஒரு குச்சி. அந்தக் குச்சியில் ஒரு வட்டு. ஆனால் துளை நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும். இந்த வட்டுதான் கேம். கைப்பிடியைச் சுற்றினால் வட்டு ஒரு பக்கம் உயர்ந்து மறு பக்கம் தாழும். அதன்மேல் நிற்கும் இன்னொரு குச்சி ஏறி இறங்கும். பெட்டிக்கு மேலே அந்தக் குச்சியின் நுனியில் தவளையோ மீனோ ராக்கெட்டோ, பிள்ளையின் விருப்பம்.

பெட்டிச் சட்டத்தை அவர்களே அறுத்து ஒட்ட வேண்டும். 1 செ.மீ. சதுரக் கட்டை, சின்ன ஹேக்சா ரம்பம், மூலைக்கு மூலை ஒட்ட அட்டை முக்கோணங்கள். அறுப்பதற்கு ‘பெஞ்ச் ஹுக்’ என்று ஒரு பலகை உண்டு. அதன் ஒரு விளிம்பு மேசை ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே இருக்கும் விளிம்பு கட்டையை நகராமல் தடுக்கும். ரம்பத்தை நினைத்துப் பெரியவர்கள்தான் பயப்படுகிறோம். நிஜக் கருவி கைக்கு வந்ததும் வகுப்பே அடங்கிவிடும். சத்தமும் சண்டையும் எல்லாம் கத்தரிக்கோலும் பசையும் வெளியே வரும் நாளில்தான்.

அளப்பதில்தான் தகராறு. பூஜ்யத்திலிருந்து அளக்காமல் ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளப்பார்கள். ஒரு கட்டைக்கு 3 மி.மீ. கூடும், அடுத்ததற்கு அந்தத் தவறு நடக்காது. சட்டத்தைச் சேர்த்து மேசையில் வைத்தால் ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். இதை நான் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. ஆடுகிற பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கட்டை பெரியது என்று தேடும்போது ஏறுவது, வகுப்பு முழுக்கச் சொன்னாலும் ஏறாது.

எல்லாம் பூட்டி முடித்ததும் வரும் பாருங்கள்: “மிஸ், வேலை செய்யல.” பாதி வகுப்பு ஒரே நேரத்தில் சொல்லும். நாம் வாங்கி, ஒரு திருகு திருகி, ஓட வைத்துக் கொடுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “எங்கே நிக்குது?” மெதுவாகச் சுற்று, கண்ணைப் பெட்டி மட்டத்துக்குக் கொண்டு வா, பக்கவாட்டில் பார். ‘வேலை செய்யல’ என்று சொல்கிற பிள்ளை ‘பாதி வரைக்கும் ஏறுது, அப்புறம் சாயுது’ என்று சொல்லத் தொடங்கினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் குச்சி பெட்டிக்கு மேலே வரும் துளை. வட்டு சுற்றும்போது குச்சியை மேலே மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் இழுக்கும். துளை பெரிதாக இருந்தால் குச்சி சாய்ந்து அங்கேயே இறுகிவிடும். துளையில் ஒரு ஸ்ட்ராத் துண்டை ஒட்டி, அதற்குள் குச்சியை விட்டால் நேராக ஏறும். இன்னொன்று, காகிதப் பட்டாம்பூச்சி. ஏறும், இறங்காது. எடையே இல்லாவிட்டால் எது கீழே இழுக்கும்? ஒரு பெண் கொஞ்சம் களிமண்ணைக் குச்சியின் கீழ் நுனியில் அப்பினாள், சரியாகிவிட்டது. பக்கத்து மேசைப் பையன் அதைப் பார்த்துவிட்டு மேலே இருந்த டைனோசர் தலையில் அப்பினான். அது தலைகுப்புறச் சாய்ந்தது.

நத்தை வடிவ வட்டு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் சுற்றினால் மெல்ல ஏறி டொப்பென்று விழும், பிள்ளைகளுக்கு அந்த ‘டொப்’ ரொம்பப் பிடிக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் செங்குத்தான படியில் குச்சி இடித்து நின்றுவிடும். இரண்டு பக்கமும் சுற்ற முடியாது என்று புரிந்ததும் ஒருவன் வட்டை மாற்றவில்லை. பெட்டியின் பக்கத்தில் பெரிய சிவப்பு அம்புக்குறி வரைந்தான். மார்க் போடும்போது இதை ஒத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியருக்கும் எனக்கும் சின்ன வாதம். நான் அவன் பக்கம். பெரிய கம்பெனிகளே மூடியில் அம்புக்குறி போட்டுத்தானே விற்கின்றன?

இங்கே பாடத்திட்டம் ‘யாருக்காகச் செய்கிறாய்’ என்று முதலிலேயே கேட்கும். பல பிள்ளைகள் சும்மா ‘தம்பிக்கு’ என்று எழுதிவிட்டு மறந்துபோவார்கள். ஒருத்தி பாட்டிக்கு என்று எழுதியிருந்தாள். பாட்டிக்கு விரல் மூட்டு வலி. மெல்லிய குச்சிக் கைப்பிடியைப் பாட்டியால் பிடிக்க முடியாது என்று அவளே யோசித்து, தீர்ந்துபோன நூல்கண்டின் உருளையைக் கைப்பிடியில் மாட்டினாள். பொம்மை என்னவோ சுமார்தான். அந்தக் கைப்பிடியை மட்டும் நான் இரண்டு மூன்று முறை சுற்றிப் பார்த்தேன்.

ஊராட்சிப்பள்ளி வாத்தியார்:

அக்கா, உங்களுக்காவது அதற்கென்று தனிப் பாடம் இருக்கிறது. நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். எங்களுக்கு 2022-ல் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு வகுப்பில் செயல்பாடுகள் கூடியிருக்கின்றன, ஆனால் அவை மொழிக்கும் கணக்குக்கும்தான். ரம்பம், கட்டை எல்லாம் கனவு. அறிவியல் பாடத்தோடு சேர்த்து நானாகச் செய்வதுதான்.

நாலாம் வகுப்பில் வண்டி செய்யச் சொன்னேன். பற்பசை அட்டைப் பெட்டி, தண்ணீர் பாட்டில் மூடி, மூங்கில் குச்சி. எல்லோரும் குச்சியைப் பெட்டியின் அடியில் ஃபெவிகால் போட்டு அழுத்தி ஒட்டினார்கள். பிறகு மூடிகளையும் குச்சியில் ஒட்டினார்கள். பார்க்க வண்டி மாதிரியே இருந்தது. தள்ளினால் தரையில் இழுபட்டது.

எங்கள் ஊரில் நுங்கு சீசனில் தெருவெல்லாம் நுங்கு வண்டிதான். ஒரு பையனை அனுப்பி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். தெரியாதவர்களுக்கு: தின்று முடித்த இரண்டு நுங்குக் காயை ஒரு குட்டைக் குச்சியின் இரண்டு முனையிலும் செருகி, நடுவில் கவைக் கம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது. “இதில் எது சுத்துது?” என்றேன். காய் என்றார்கள் சிலர். குச்சியும்தான் என்றான் ஒருவன். சண்டை வந்துவிட்டது. குச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மெதுவாகத் தள்ளினோம். கோடு மேலே வந்தது, கீழே போனது. காயும் குச்சியும் ஒன்றாகச் சுற்றுகின்றன, கவைக் கம்பு மட்டும் சுற்றுவதில்லை. “அப்போ நம்ம வண்டியில கவை எங்க சார்?” என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. பெட்டியின் அடியில் ஸ்ட்ராவை ஒட்டி, அதற்குள் குச்சியை விட்டார்கள்.

நீங்கள் சொன்ன அட்டை முக்கோணத்துக்கும் எங்களிடம் ஒரு வழி உண்டு. பழைய பொருளில் பொம்மை செய்யும் அர்விந்த் குப்தாவைத் தெரிந்திருக்கும், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகி உருவங்கள் செய்வது அவர் பிரபலமாக்கியது. நாலு குச்சியில் சதுரம் செய்து அமுக்கச் சொல்வேன், சரிந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. தீக்குச்சியின் மருந்தை மட்டும் முதலில் சுரண்டிவிடுங்கள்.

கோவை அப்பா:

நான் ஆசிரியர் இல்லை, மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அப்பா. எங்கள் கதை வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: திங்கட்கிழமை ‘வொர்க்கிங் மாடல்’ கொண்டுவர வேண்டும். பள்ளிக்கு எதிரே இருக்கும் கடையில் தெர்மாகோலில் எரிமலை, காற்றாலை, டிராஃபிக் சிக்னல் எல்லாம் தயாராக இருக்கும். பணத்தைக் கொடுத்தால் போதும், பெயரைக்கூட அவர்களே எழுதித் தருவார்கள்.

இந்த முறை கடைக்குப் போகவில்லை. குக்கர் வந்த அட்டைப் பெட்டியில் அவளே சிக்னல் செய்தாள். மூன்று துளை, பின்னால் செல்ஃபோன் டார்ச்சை வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் ஒவ்வொரு விளக்காக எரியும். கலர் பேப்பர் கொஞ்சம் சுருங்கியிருந்தது, உண்மைதான். ‘ஃபினிஷிங் போதாது’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கடையில் வாங்கிய எரிமலை வராந்தா மேசையில் காட்சிக்கு இருந்தது. கோபம் வரத்தான் செய்தது. இவளுக்கு அது பெரிதாகப் படவில்லை, மஞ்சள் விளக்கு ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். லண்டன் அக்கா, உங்கள் பள்ளியில் இதை எப்படிப் பார்ப்பார்கள்?

லண்டன்வாசி:

மஞ்சள் பேப்பர் இரண்டு மடிப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்!

ஃபினிஷிங்குக்கும் இங்கே இடம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டோம், வகுப்பிலேயேதான் செய்ய வேண்டும். அப்பா செய்ததா, பிள்ளை செய்ததா என்ற கேள்வியே எழாது. முடித்ததும் சோதிப்பார்கள். எங்கள் பள்ளியில் பொம்மைகளை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுவோம். 5, 6 வயதுக்கு இரக்கமே கிடையாது. எந்தப் பக்கம் சுற்றக்கூடாதோ அந்தப் பக்கம் சுற்றுவார்கள், கைப்பிடியைப் பிடுங்குவார்கள். பெரிய பிள்ளைகள் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு குறிப்பெழுத வேண்டும், குறுக்கே பேசக்கூடாது என்பது விதி. அம்புக்குறி போட்டவனின் குறிப்பு: “அவளுக்கு அம்புக்குறி என்றால் என்னவென்று தெரியவில்லை.”

நானும் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விடுவதில்லை. சூடான க்ளூ கன் என் கையில்தான். தடித்த அட்டையில் வட்டு வெட்டுவதையும் முந்தின நாளே முடித்துவிடுகிறேன். வட்டத்தை வெட்டியே கை வலித்துப் போனால் அதை எங்கே துளைப்பது என்று யோசிக்கத் தெம்பிருக்காது. இதை ஏமாற்று வேலை என்று சொல்கிற ஆசிரியர்கள் உண்டு, சொல்லட்டும்.

வாத்தியார் தம்பி, பாட்டில் மூடியில் சரியாக நடுவில் ஓட்டை எப்படிப் போடுகிறீர்கள்? நான் போட்டால் சக்கரம் கோணலாக ஓடுகிறது.

ஊராட்சிப்பள்ளி வாத்தியார்:

மூடியைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, வட்டத்தை வெட்டி, இரண்டு தடவை மடியுங்கள் அக்கா. மடிப்புகள் சேரும் இடம்தான் நடு. அதை மூடிமேல் வைத்துப் புள்ளி குத்திக்கொள்ளலாம். அப்புறம் ஆணியைக் கொறடில் பிடித்துச் சூடாக்கி ஓட்டை. ஆணி வேலை பிள்ளைகளுக்கு இல்லை, முந்தின ராத்திரி வீட்டிலேயே முடித்துவிடுவேன். 12 வண்டிக்கு 48 மூடி. பிளாஸ்டிக் கருகும் வாசனை தாங்காமல் மனைவி என்னை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டாள். மின்விசிறிக்குக் கீழே செய்யாதீர்கள், ஆணி உடனே ஆறிப்போகும்.